ஏற்கெனவே பதிந்தவர்களுக்கான பதிவு முகாம்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்:

ஒஸ்லோ மாநகரின் வடகிழக்கே, அம்மருட் தொடர்மாடியின் பதினோராம் தளத்தில், லிப்றிலிருந்து இறங்கியதும் இடதுகைப் பக்கமாக வசிப்பவரும், நோர்வே வாழ் தமிழ் மூத்தோர் பேரவையின் நிறுவுநரும், தலைவரும், அதன் சட்டவிதிகளை எழுதும் யாப்புக் குழுவின் ஆயுட்காலத் தவிசாளரும், முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளுக்குத் தலைமை தாங்கியவருமான திருவாளர் வரதராசா அவர்களுக்கு, நிகழும் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் அறுபத்தேழு அகவை நிறைவெய்தியது. அன்னார் அம்மாத இறுதியில் பணி ஓய்வு பெற்றார். ('அன்னார்' என்ற சொல்லைக் கண்டு எவரும் பதற வேண்டாம். மனிதர் உயிரோடுதான் இருக்கிறார்.) அன்னாரது உடல்நலத்துக்கு இனி யார் பொறுப்பு என்ற மாபெரும் கேள்வி அன்று எழுந்தது.

கேள்வியை எழுப்பியது அன்னார்தான். நோர்வே அரசு அதுபாட்டுக்கு இருந்தது.

விசயம் வலது முழங்காலில் தொடங்கியது. நிலக்கீழ்த் தொடருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் சிறு மேட்டில் வரதராசா மூன்று இடத்தில் நிற்பார். முதலாவது இடத்தில் கைத்தொலைபேசியைப் பார்ப்பார். இரண்டாவதில் வானத்தைப் பார்ப்பார். மூன்றாவதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால், ஒரு குப்பைத் தொட்டியை நகரசபைப் பொறியியலாளர் மாதிரி ஆராய்வார். ஒரு தலைவர் நொண்டுகிறார் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. வீட்டுக்குள்ளே அந்தப் பவிசு செல்லாது. மடக்க முடியாத அந்தக் காலுக்குக் காலையில் காலுறை போட்டுவிடுவது மனைவி யோகராணி. ஒரு வருடமாக அவர் கட்டிலருகே தரையில் குந்தியிருந்து காலுறை மாட்ட, வரதராசா மேலே பார்த்தபடி அன்றைய பேரவை அலுவல்களைச் சொல்லுவார்.

“நான் ஒருநாள் செத்துப்போனால், வெறுங்காலோடதான் என்ர செத்தவீட்டுக்கு வரப்போறியள்” என்பார் யோகராணி.

பெப்ரவரியில் குடும்ப வைத்தியர் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தார். மூட்டு மாற்ற வேண்டும், வரிசையில் இருக்கிறீர்கள், கடிதம் வரும் என்றார். வரதராசாவும் பொறுமையாகத்தான் இருந்தார். ஓய்வு பெற்ற கிழமை ஹோட்டலிலிருந்து வந்த கடிதம்தான் பொறுமையைக் குலைத்தது. இவ்வளவு கால உழைப்புக்கு நன்றி, உங்களுக்கென நாம் வைத்திருந்த துணை மருத்துவக் காப்புறுதி வேலையோடு முடிவடைகிறது என்று அதில் இரண்டு வரி இருந்தது. அப்படி ஒன்று தன்னிடம் இருந்ததே அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும். இருந்தது தெரியாமலே போய்விட்டது என்றதும், உடம்பில் ஏதோ ஒரு பக்கம் திறந்து கிடப்பது போலக் குளிர் அடித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நியூஜெர்சியிலிருந்து சகலன் மகேசன் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, பதிஞ்சிட்டீங்களோ?”

“எதிலை?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. மகேசன் யோகராணியின் தங்கையைக் கட்டியவர். அமெரிக்கா போன நாளிலிருந்து ஐரோப்பா முழுவதையும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

“அறுபத்தேழு முடிஞ்சுது, இன்னும் எதிலை எண்டு கேக்கிறியள். அரசாங்க மருத்துவக் காப்புறுதியண்ணை! நான் அறுபத்தஞ்சிலயே பதிஞ்சிட்டன். பிறந்த மாதத்துக்கு முன்னுக்கு மூண்டு மாதம், பின்னுக்கு மூண்டு மாதம். அதுக்குள்ள பதியாட்டில் சீவிய காலம் முழுக்கத் தண்டம்.”

“இஞ்சையுமோ?”

“மனிசருக்கு வயது போறது எல்லா நாட்டிலையும் ஒண்டுதானே?”

இந்த வாதத்தில் வரதராசாவால் ஓட்டை காண முடியவில்லை.

“எழுதுங்கோ. பகுதி ஏ ஆஸ்பத்திரிக்கு. பகுதி பி டொக்டருக்கு. பகுதி டி மருந்துக்கு.”

“சி எங்கை?”

“சி-யைத் தொடாதேங்கோ. அது பெரிய குழப்பம். இவ்வளவும் மூடாத இடைவெளிக்குத்தான் துணைக் காப்புறுதி. உங்கட முழங்கால் எனக்கு இப்ப அந்த இடைவெளிக்குள்ளதான் தெரியுது.”

வரதராசா தொலைபேசியை வைத்துவிட்டு விரல் மடித்து எண்ணினார். செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர். நவம்பர் முடிந்தால் தண்டம். முழங்காலும் அதோடு முடிந்த மாதிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுகெட்டோவிலிருந்து மகள் சோபிகா வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்பவள், இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“அப்பா, சித்தப்பா சொல்லுறது அமெரிக்கா. இஞ்சை ஃபொல்க்கெத்ரிக்டன். நாட்டின்ர பொதுக் காப்புறுதி. நீங்கள் நோர்வேயிலை குடியிருக்கத் தொடங்கின நாளிலயிருந்து அதிலை மெட்லெம், அங்கத்தவர்.”

“நான் ஒரு படிவமும் நிரப்பேல்லையே, பிள்ளை.”

“தேவையில்லை. அது ஆட்டோமாற்றிஸ்க்.”

“இந்தக் கட்டடத்து லிப்றும் ஆட்டோமாற்றிஸ்க்தான். போன நத்தாருக்கு எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவிலை நிண்டு என்ர மீன்குழம்பு பழுதாப் போச்சு.”

“அப்பா, லிப்ற் வேறை, அரசாங்கம் வேறை.”

“ரெண்டையும் ஆரோ ஒருத்தர்தான் இயக்குறார்.”

அவரைப் பிழை சொல்லவும் முடியாது. அவர் வாழ்க்கையில் படிவம் இல்லாமல் வந்து நிலைத்த பொருள் ஒன்றும் கிடையாது. சீனிக்குக் கூப்பன், வெளிக்கிட்டுப் போகப் பாஸ், வந்து இறங்கிய ஊரில் அகதி விண்ணப்பம், அதற்கு மூன்று பிரதி, நான்கு புகைப்படம், காது தெரியவேண்டும். காதைக்கூடப் பார்க்காமல் ஒரு அரசாங்கம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அதே வேகத்தில் கழற்றிவிடவும் அதற்குத் தெரியும் என்பது அவருடைய கணிப்பு.

ஆனாலும் நியாயமான மனிதர் என்பதால் மறுநாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வரிசையில் முப்பத்தோராவது ஆள். முக்கால் மணித்தியாலம் பியானோ கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார்.

“பதிவுக்குக் கடைசித் திகதி எது?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார் வரதராசா.

“கடைசித் திகதி இல்லை. நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர்.”

“படிவத்தின் இலக்கம்?”

“படிவம் இல்லை.”

“அப்படியென்றால் நான் உறுப்பினர் என்பதற்கு என்ன ஆதாரம்?”

“நீங்கள் நோர்வேயில் வசிக்கிறீர்கள்.”

“அது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் திரையில் தெரிகிறது.”

“என் காது தெரிகிறதா?”

அந்தப் பெண், வேறு ஏதாவது உதவி தேவையா என்று அன்பாகக் கேட்டார்.

அன்று மாலையே பேரவையின் அவசர நிர்வாகக் கூட்டம் கூடியது. பேரவைக்கு மொத்தம் நாற்பத்துமூன்று உறுப்பினர்கள், அதில் பத்தொன்பது பேர் நிர்வாகம். மிச்சம் இருபத்துநான்கு பேர் முன்னாள் நிர்வாகம்.

“கடைசித் திகதி இல்லையாம்” என்று வரதராசா தணிந்த குரலில் அறிவித்தார். “அதின்ர அர்த்தம் விளங்குதோ? எந்த நேரமும் மூடுவாங்கள்.”

பத்தொன்பது பேரும் பேனாவைத் திறந்தார்கள்.

“ஒரு சந்தேகம், தலைவர்” என்று எழுந்தார் செயலாளர் கிளெமென்ற். இருபத்தெட்டு வருடம் தபாலகத்தில் கடிதம் தரம் பிரித்தவர். பேரவையின் எல்லாத் தீர்மானங்களையும் முதலில் எதிர்த்து, பிறகு முன்மொழிபவர். “படிவம் இல்லையெண்டால் நாங்கள் எதை நிரப்புறது?”

“நாங்களே அடிப்பம்.”

“அடிச்சு ஆருக்குக் குடுக்கிறது?”

“அதைப் பிறகு பாப்பம். முதலிலை நிரப்பி வைச்சிருக்க வேணும். கேட்டால் குடுக்கலாமெல்லே?”

இதுவும் மறுக்க முடியாத வாதமாக இருந்தது. ஒக்ரோபர் பதினெட்டு, சனிக்கிழமை, ரொம்மனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் 'மாபெரும் மருத்துவக் காப்புறுதிப் பதிவு முகாம்' என்று தீர்மானமானது. படிவத்தில் பெயர், ஊர், படித்த பாடசாலை, இரத்த வகை, பேரவையில் வகித்த பதவிகள், வேறு அமைப்புகளில் அங்கத்துவம் உண்டா, உண்டெனில் ஏன் என்று பதினான்கு வினாக்கள். நோய் பற்றி ஒரு வினாவும் இல்லை. இடம் போதவில்லை.

கூட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், எல்லோரும் எதிர்பார்த்த பிளவு ஏற்பட்டது.

“துணைக் காப்புறுதியை ஆர் பாக்கிறது?” என்றார் கிளெமென்ற்.

“அதையும் நாங்கள்தான்.”

“துணையெண்டால் அது தனியாத்தான் இருக்கவேணும், தலைவர். முதன்மையிலை இருக்கிறவர் துணையிலையும் இருந்தால் பிறகு அது எப்பிடித் துணையாகும்? உங்கட பேரவை பகுதி ஏ எண்டால், துணைக்கு நான் பகுதி பி எண்டு ஒரு தனிப் பேரவை பதியப்போறன்.”

ஏழு பேர் கிளெமென்றோடு எழுந்து போனார்கள். போனவர்களும் அதே மண்டபத்தில், அதே நாளில், மேடைக்கு வலப்பக்க மூலையில் ஒரு மேசை கேட்டார்கள். கொடுத்தாயிற்று.

நிரப்பிய படிவங்களை எல்லோரும் தலைவரின் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. கையில் தருவது வெறும் கடதாசி, முத்திரை ஒட்டி வந்தால்தான் விண்ணப்பம். ஒன்பதாம் மாடியில் இருக்கும் பேனாட், பதினோராம் மாடிக்குப் படிகளால் ஏறாமல், கீழே இறங்கி, தெருவைக் கடந்து, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். வந்து சேர்ந்த உறைகளை ஒன்றும் பிரிக்காமல் ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்கு வெளியே தங்கநிறத் தாள் ஒட்டப்பட்டது. முகாம் மேடையில் பிரதம விருந்தினர் தன் பொற்கரங்களால் அதைத் திறந்து முதலாவது உறையைப் பிரிப்பார் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது.

இதற்கிடையில் வரதராசாவின் கைத்தொலைபேசி மூன்று தரம் கிணுகிணுத்தது. 'மருத்துவமனையிலிருந்து உங்களுக்கு ஒரு புதிய கடிதம் வந்துள்ளது. உள்நுழைந்து வாசிக்கவும்.'

வேறு யாராவது என்றால் ஏமாந்திருப்பார்கள். வரதராசா அப்படிப்பட்டவர் இல்லை. அறியாத இணைப்பை அழுத்தினால் வங்கிக் கணக்கு முதல் வழித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மார்ச் மாதம் நூலக அறையில் நாற்பது நிமிடம் உரையாற்றியவர் அவர். முதலாவது குறுஞ்செய்தியை அழித்தார். இரண்டாவதையும் அழித்தார். மூன்றாவதைப் படம் பிடித்து, குறுக்கே சிவப்பில் 'மோசடி! அவதானம்!' என்று எழுதி, பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாற்பத்தொரு பெருவிரல்கள் எழுந்தன. அன்று பின்னேரம் மட்டும் உறுப்பினர்கள் இரண்டு கண் வைத்தியரையும் ஒரு பல் வைத்தியரையும் அழித்தார்கள்.

ஒரு கிழமை கழித்து யோகராணி கீழே தபால் பெட்டியிலிருந்து ஒரு கட்டு உறைகளோடு வந்தார். பாலர் பாடசாலையில் சமையல் வேலை, நின்று களைத்த கால்கள், குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இஞ்சேருங்கோ, இதிலை ஒண்டு ஆஸ்பத்திரியாலை வந்த மாதிரிக் கிடக்கு. உடைச்சுப் பாருங்கோவன்.”

வரதராசா உறையை வெளிச்சத்தில் பிடித்தார். மருத்துவமனையின் சின்னம் அச்சடித்த வெள்ளை உறை. அவர் சிரித்தார்.

“இது பேனாட். ஆஸ்பத்திரிக் களஞ்சியத்திலை இருபது வருசம் இருந்தவன். அவன் உறை காசு குடுத்து வாங்கின சரித்திரம் உமக்குத் தெரியுமோ?”

“பேனாட் போன கிழமையே அனுப்பினவர் எண்டெல்லே அவரின்ர மனிசி சொன்னவ?”

“அப்ப மனிசியின்ர விண்ணப்பம்.”

“உங்கட பேர் அச்சடிச்சுக் கிடக்கப்பா.”

“எனக்குத்தானே அனுப்பச் சொன்னது? பின்னை உம்மடை பேரையோ எழுதுறது?”

“ஒரு முனையைக் கிழிச்சுப் பாத்தால் என்ன குறைஞ்சு போகும்?”

“யோகராணி” என்றார் வரதராசா, கூட்டத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழும்போது பேசும் குரலில். “விண்ணப்பங்களை முன்கூட்டிப் பிரிக்கிறது யாப்புக்கு முரண். தலைவரே உடைச்சால் பிறகு கிளெமென்ற் என்னை மிச்சம் வைப்பானோ?”

உறை பெட்டிக்குள் போனது. கடைசியாக வந்தபடியால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

முகாமுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வரதராசா ரொம்மன் மண்டபத்தில் நின்றார். பாடசாலை தொடங்கும் முன் ஒரு மணித்தியாலம் மேடையை அளக்க அனுமதி கிடைத்திருந்தது. பதாகையின் நீளம் மேடையின் அகலத்தை விட இரண்டு முழம் கூட. 'மாபெரும்' என்பதை மடித்தால் சரியாக வரும், ஆனால் அதை மடிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏணியின் இரண்டாம் படியில் வலது காலை வைத்தார். மூட்டுக்குள் யாரோ சுத்தியலால் தட்டியது போல இருந்தது. இறங்கி, பத்து நிமிடம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கண் மூடிப் பல்லைக் கடித்தார். 'பொறு' என்று முழங்காலிடம் சொன்னார். 'சனிக்கிழமை உன்னைப் பதியிறன். பிறகு உனக்கொரு வழி பிறக்கும்.' சுவர் மணிக்கூட்டில் எட்டரை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. வெளியே பனிச்சேறு, உள்ளே பட்டுச்சேலை. வாசலில் சந்தனம், கற்கண்டு. மேடையில் ஐந்து முகக் குத்துவிளக்கு, ஆனால் நெருப்புக்கூடாது என்று கட்டடக் காப்பாளர் சொல்லிவிட்டதால் ஐந்து முகத்திலும் பற்றரி பல்ப். பிரமுகர்கள் ஐவர் பயபக்தியோடு ஒருவர் பின் ஒருவராகச் சுவிச்சைப் போட்டார்கள். மூன்றாவது எரியவில்லை. அதைப் போட்டவர் முகம் நிகழ்ச்சி முடியும்வரை வாடியே இருந்தது. மேடைக்கு வலப்பக்கம், பகுதி பி-யின் மேசை. அங்கே கிளெமென்ற் தனியாக ஒரு சின்னக் குத்துவிளக்கு வைத்திருந்தார். அதில் ஐந்தும் எரிந்தன.

“பகுதி ஏ-யிலை பதிஞ்சவை எல்லாரும் இஞ்சாலையும் வரவேணும்!” என்று கிளெமென்ற் கூவினார். “துணையில்லாமல் போய்ப் பிறகு என்னட்டை அழக்கூடாது!”

கைத்தொலைபேசி ஒன்றை முக்காலியில் நிறுத்தி, நியூஜெர்சிக்கு நேரலை போய்க்கொண்டிருந்தது. மகேசன் அங்கே காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, கையில் பாணோடு, வரலாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதம விருந்தினர் யூலியா. நகர வட்டார அலுவலகத்தில் முதியோர் சேவைக்குப் பொறுப்பான நோர்வேஜியப் பெண், நாற்பது வயதிருக்கும். தமிழர்களின் அறுவடை விழா என்று நினைத்து வந்திருந்தார். பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு பதாகையைச் சுட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வரதராசா பெருமையோடு நோர்வேஜிய மொழியில் விளக்கினார். விளக்கம் முடியும்போது யூலியாவின் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. ஒலிவாங்கியை எடுத்தார்.

“இங்கே வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எவரும் எதிலும் பதியத் தேவையில்லை. நோர்வேயில் வசிக்கிற நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே பொதுக் காப்புறுதியில் உறுப்பினர்கள். அறுபத்தேழு வயதோடு அது நின்றுவிடாது.”

மண்டபத்தில் இருந்தவர்கள் பேருந்து ஓட்டியவர்கள், முதியோர் இல்லங்களில் தாதி வேலை பார்த்தவர்கள், தபாலகத்தில் நோர்வேஜியரோடு சண்டை பிடித்தவர்கள். ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. ஆனால் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் தலையைத் திருப்பி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். மொழிபெயர்க்கப்படாத பிரதம விருந்தினர் எந்த ஊரில் பிரதம விருந்தினர்?

வரதராசா தொண்டையைச் செருமினார்.

“பெருமதிப்புக்குரிய விருந்தினர் கூறுவது என்னவெனில், எங்கள் அனைவரது பதிவையும் நோர்வே அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது!”

கரகோசம் எழுந்து அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. யூலியா மட்டும், தான் சொன்ன சாதாரணச் செய்திக்கு இவ்வளவு கைதட்டலா என்று மலைத்துப் போய், தலை குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்து பெட்டி. நான்கு பேர் தூக்கி வந்தார்கள், இரண்டு பேருக்கே அது பாரமில்லை. யூலியா பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவை வெட்டி, மூடியைத் திறந்து, மேலே கிடந்த உறையை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

“இது மருத்துவமனையிலிருந்து வந்தது” என்றார் மெதுவாக. “உங்கள் பெயருக்கு. இதை நான் பிரிப்பது சரியில்லை.”

வரதராசா உறையைப் பார்த்தார். முன்வரிசையில் பேனாட் இருந்தார். “பேனாட், இது உம்மடை மனிசியின்ரதோ?” என்று மேடையிலிருந்தே கேட்டார்.

“இல்லையண்ணை, அவ வாழ்த்து மட்டை உறையிலையெல்லோ போட்டவ. ரோசாப்பூப் போட்டது.”

யோகராணி முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றார்.

வரதராசாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நழுவியது. ஆனால் நாற்பத்துமூன்று குடும்பமும் ஒரு கண்டமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தலைவர் நழுவ முடியாது. வாசிக்கும் கண்ணாடியும் வீட்டில்.

“வாசியுங்கள்” என்றார் யூலியாவிடம். “எங்கள் அமைப்பு ஒளிவுமறைவற்றது.”

“எல்லோர் முன்னிலையிலுமா? உறுதியாகவா?”

“யாப்பில் இருக்கிறது.”

யூலியா உறையைக் கிழித்து, தாளை விரித்து, ஒலிவாங்கிக்குள் வாசித்தார்.

“அன்புள்ள வரதராசா அவர்களுக்கு, உங்கள் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது...”

அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. ஒலிவாங்கி அவர் கையில் இல்லை.

“அன்பான உறவுகளே!” வரதராசாவின் குரல் தழுதழுத்தது. இந்த முறை அது மேடைத் தழுதழுப்பு இல்லை. “என்ர முழங்கால்... என்ர முழங்காலுக்கு ஒப்பிறேசன் தந்திட்டாங்கள்! பதிஞ்சு பத்து நிமிசம் ஆகேல்லை! பெட்டி திறந்து நாடா கீழை விழ முதல் தந்திட்டாங்கள்! இனி ஆர் கேப்பினம், படிவம் என்னத்துக்கு எண்டு?”

மண்டபம் இடிந்து விழாத குறை. முக்காலியின் மேலிருந்து மகேசன், “நான் சொன்னனான்! நான் அப்பவே சொன்னனான்!” என்று பாண் துகள் பறக்கக் கத்தினார். ஆட்கள் படிவ மேசைக்கு ஓடினார்கள். ஏற்கெனவே தபாலில் அனுப்பியவர்கள் இன்னொன்று நிரப்பினார்கள். ஒருவர் தன் இடுப்புக்கு, ஒருவர் இரண்டு கண்ணுக்கும், பேனாட் முன்யோசனையாக இதயத்துக்கு. கிளெமென்ற் தன் மேசையை விட்டு ஓடி வந்து, பகுதி பி-யின் பொன்னாடையை வரதராசாவின் தோளில் போட்டு, காதுக்குள், “தலைவர், நாங்கள் திரும்பவும் ஒண்டாகுவம்” என்றார்.

வரதராசா எதையும் கேட்கவில்லை. அவர் மனதுக்குள் ஒரு கட்டிலின் விளிம்பில் தனியாக உட்கார்ந்து, முழங்காலை மடித்து, தன் கையால் தன் காலுறையைப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் வலது, பிறகு இடது. யோகராணி குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

யூலியா இரண்டு தரம் அவர் முழங்கையைத் தொட்டார். “மன்னிக்கவும், இன்னும் ஒரு வரி இருக்கிறது” என்றார். வரதராசா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, சபைக்கு உயர்த்திக் காட்டினார். சபை இன்னொரு தரம் தட்டியது. மேளத்துக்குப் பதிலாக யாரோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள்.

யோகராணி மேடைப் படிகளில் ஏறி வந்து, யூலியாவின் மற்றக் கையிலிருந்து தாளை வாங்கி, அந்த ஒரு வரியை வாசித்தார்.

திகதி போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை.